பெருங்களத்தூரில் பிறந்த கார்! பவனியில் மட்டும் காணோம்!

அரை நூற்றாண்டைத் தொடுகிறது ‘ஸ்டாண்டர்டு கெசல்’ – காயலான் கடைக்கா? கவுரவத்துக்கா?

சென்னை,
பழைய கார் பவனி என்றால் சென்னையில் கூட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. படகு போல நீண்ட செவர்லே வரும். டாட்ஜ் வரும். குட்டி ஆஸ்டின் வரும். பளபளக்கும் பென்ஸ் வரும். பார்ப்பவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக் கொள்வார்கள். அப்பா ஓட்டிய அம்பாசடரையும் மாமா ஓட்டிய பியட்டையும் தேடிப் பிடித்துத் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால் இந்த ஊரின் எல்லையிலேயே பிறந்து, இந்த ஊர் ரோட்டிலேயே ஓடித் தேய்ந்த ஒரு கார் அந்த வரிசையில் அனேகமாக இருக்காது. அதன் பெயர் ஸ்டாண்டர்டு கெசல்.

தப்பித் தவறி ஒரு கெசல் ரோட்டுக்கு வந்துவிட்டால் பெட்ரோல் பங்கில் கேள்வி கிளம்பும். “அண்ணே, இது என்ன வண்டி? பியட்டா?” என்பார் பெட்ரோல் போடும் பையன். வயதானவர் ஒருவர் எட்டிப் பார்த்து, “ஹெரால்டு தானே சார்?” என்பார். இரண்டும் இல்லை என்று விளக்குவதற்குள் பின்னால் நிற்கும் ஆட்டோ ஹார்ன் அடித்துவிடும். கெசல் வைத்திருப்பவரின் தலையெழுத்தே இதுதான். காரை ஓட்டும் நேரத்தைவிட அது என்ன கார் என்று சொல்லும் நேரம் அதிகம்.

நம் ஊர் கம்பெனி

தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டு பக்கம் மின்சார ரெயிலில் போகிறவர்களுக்குப் பெருங்களத்தூரும் வண்டலூரும் தெரியும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கம் போகாத சென்னைவாசியே இல்லை. அங்கே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு காலத்தில் கார் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்பது கம்பெனியின் பெயர்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் 1903-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோடு கூட்டு வைத்து, 1948-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் இது. முதலில் வான்கார்டு என்ற பெரிய கார். 1950-களில் ஸ்டாண்டர்டு டென், பென்னன்ட் என்று சின்ன கார்கள். 1961-ல் ஹெரால்டு.

ஹெரால்டுதான் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த உருவம் அது. இங்கிலாந்தில் 1959-ல் ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்ற பெயரில் வெளிவந்தது. அதே கார் சென்னையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ ஆனது. இங்கிலாந்தில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயரையே 1963-ல் கைவிட்டு விட்டார்கள். சென்னையில் அந்தப் பெயர் மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தது!

அன்று இந்தியாவில் கார் செய்தவர்கள் மூன்றே பேர்தான். கல்கத்தா பக்கம் அம்பாசடர், பம்பாயில் பியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. பியட்டுக்குப் பணம் கட்டிப் பெயர் எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்த காலம் அது.

காலை அகட்டிய ஹெரால்டு

ஹெரால்டு பார்க்க அழகு. ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. பின் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி அச்சு. ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு மேலும் கீழும் ஆடும். இங்கிலாந்தில் இரண்டு பேர் போகும் காருக்கு அது சரி. நம் ஊரில் ஒரே காரில் அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள், டிக்கியில் அரிசி மூட்டை! பாரம் ஏறியதும் பின் சக்கரங்கள் காலை அகட்டிக் கொண்டு நிற்கும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். மெக்கானிக்குகளுக்கும் அந்த அமைப்பு பிடிக்கவில்லை.

மேலும், ஹெரால்டு முதலில் இரண்டு கதவு கார். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி நுழைய வேண்டும். புடவை கட்டிய பெண்களுக்கு அது பெரிய தொல்லை. எனவே 1960-களின் கடைசியில் நான்கு கதவு ஹெரால்டை சென்னையிலேயே உருவாக்கினார்கள். டிரையம்ப் பிறந்த நாட்டில்கூட நான்கு கதவு ஹெரால்டு கிடையாது. அது இந்தியாவுக்கே சொந்தம்.

அடுத்த படிதான் கெசல். 1970-களின் தொடக்கத்தில் வந்தது. மான் வகை ஒன்றின் பெயர் அதற்கு. முன் முகத்தையும் பின் பகுதியையும் மாற்றினார்கள். ஆடும் அச்சைத் தூக்கி எறிந்துவிட்டு, மாட்டு வண்டி போல இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சைப் போட்டார்கள். என்ஜின் மட்டும் பழையதுதான். நான்கு சிலிண்டர், 948 சி.சி.

வெளிநாட்டுக்காரன் கொடுத்த படத்தை அப்படியே நகல் எடுக்காமல், இந்திய ரோட்டுக்கும் இந்தியக் குடும்பத்துக்கும் ஏற்ற மாதிரி நம் ஆட்கள் கை வைத்து மாற்றிய கார் அது. அந்தப் பெருமையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.

விழுந்த கதை

கெசல் பிறந்த நேரம் சரியில்லை. 1973-ல் உலகம் முழுவதும் எண்ணெய் நெருக்கடி வந்தது. பெட்ரோல் விலை ஏறியது. கார் வாங்க இருந்தவர்கள் கையைக் கட்டிக் கொண்டார்கள். 1977-ல் கெசல் நின்று போனது. கம்பெனி வேன் மட்டும் செய்து காலத்தை ஓட்டியது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்து கார் உலகத்தையே புரட்டிப் போட்டது. 1985-ல் ஸ்டாண்டர்டு கம்பெனி கடைசியாக ஒரு பெரிய கார் விட்டுப் பார்த்தது. ஸ்டாண்டர்டு 2000. உடம்பு இங்கிலாந்து ரோவர் காருடையது. உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு காலத்து என்ஜின். அரண்மனைக்குக் குடிசை வாசல் வைத்த கதை! பெட்ரோலையும் குடித்தது. எடுபடவில்லை. 1988-ல் அதுவும் நின்றது.

2006-ல் தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தது. கிடங்கில் மிச்சம் இருந்த ரோவர் பாகங்களை பிரிட்டனைச் சேர்ந்த வியாபாரிகள் வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். அதாவது, வெளிநாட்டுக் காருக்கான பாகத்தைக் கேட்க வெளிநாட்டில் ஆள் இருந்தது. உள்ளூர் கெசலைக் கேட்க உள்ளூரில்தான் ஆள் இல்லை. கார் செய்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

ஏன் வருவதில்லை?

கெசல் பவனிக்கு வராததற்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, அது ராஜா வீட்டுக் கார் அல்ல. சினிமா நட்சத்திரத்தின் பெயரைச் சொல்லி விலை ஏற்ற முடியாது. ஆபீசரும் டாக்டரும் கடை முதலாளியும் கடன் வாங்கி வாங்கிய கார். அப்படிப்பட்ட காரை அலங்காரம் செய்து வைக்க ஆள் குறைவு.

இரண்டு, அதற்கு அண்ணன் ஹெரால்டு இருக்கிறான். ஹெரால்டு என்றால் வெளிநாட்டில் ரசிகர் சங்கம் உண்டு. பாகம் உண்டு. புத்தகம் உண்டு. ஹெரால்டைத் தேடி வாங்குகிறவர்கள் கெசலைப் பார்த்ததும், “மூக்கையும் வாலையும் மாத்திக் கெடுத்துட்டாங்க” என்று உதட்டைப் பிதுக்குவார்கள். இன்னும் கேட்டால், ஹெரால்டைச் சரி செய்யக் கெசலை அறுத்துப் பாகம் எடுத்தவர்களும் உண்டு.

மூன்று, செலவு. அம்பாசடர் 2014 வரை தயாரானது. அதற்குப் பாகம் எந்த ஊர் கடையிலும் கிடைக்கும். கெசல் 1977-லேயே மூச்சை நிறுத்திவிட்டது.

புதுப்பேட்டை வேட்டை

கெசல் வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் புதுப்பேட்டைதான். அங்கே கிடைக்காவிட்டால் ஜி.பி. ரோடு. அங்கேயும் இல்லாவிட்டால் லேத் பட்டறை.

என்ஜின் பாகம் ஓரளவு தப்பிக்கும். இங்கிலாந்து ஹெரால்டின் முதல் மாடலும் அதே 948 சி.சி. என்ஜின்தான். பிஸ்டன், வால்வு, கேஸ்கட் வகைகளை அங்கிருந்து வரவழைக்கலாம். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய மோரிஸ் மைனரிலும் 948 சி.சி. என்ஜின் உண்டு. அளவு ஒன்றுதான், ஆனால் அது வேறு கம்பெனியின் வேறு என்ஜின். “948-ஆ? இந்தா சார்” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தால் பணம் போச்சு! பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

உண்மையான தலைவலி பாடியில்தான். நான்கு கதவும், கண்ணாடியும், முன் கிரில்லும், பின் விளக்கும் இங்கே மட்டுமே செய்தவை. உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது. ஒரு கதவு துருப்பிடித்தால் இன்னொரு கெசல் செத்தால்தான் கதவு! இல்லாவிட்டால் டிங்கரிங் தெரிந்த நல்ல கைக்காரர் தகட்டை அடித்து வளைத்துச் செய்ய வேண்டும். அந்தக் கைக்காரர்களும் குறைந்து வருகிறார்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கெசலுக்கு சேசிஸ் தனி, பாடி தனி. போல்ட் கழற்றினால் பாடியைத் தூக்கி, அடியில் இருக்கும் துருவைச் சுரண்டலாம். சேசிஸ் நன்றாக இருந்தால் காருக்கு ஆயுசு கெட்டி. எனவே பழைய கெசல் வாங்கப் போகிறவர் பெயிண்டைப் பார்த்து மயங்கக் கூடாது. படுத்துக் கொண்டு அடியில் பார்க்க வேண்டும். கடற்கரைப் பக்கம் நின்ற காரா, 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜம் புயல் மழையிலும் முழுகிய காரா என்று விசாரிக்க வேண்டும். தண்ணீரில் நின்ற வண்டி என்றால் கியர் பாக்ஸ் ஆயிலும் பின் அச்சு ஆயிலும் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும்.

பெட்ரோலும் எதிரி

அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 2000-ம் ஆண்டோடு நாடு முழுவதும் அது நின்றது. ஈயம்தான் பழைய என்ஜினின் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. அது இல்லாமல் ஓட ஓட வால்வு உள்ளே இறங்கும். இதற்கு லேத்தில் கெட்டியான வால்வு சீட் பொருத்திக் கொள்கிறார்கள்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களுக்கும் டயாபிரத்துக்கும் எத்தனால் ஒத்து வராது. ரப்பர் ஊறி, வெடித்து, பெட்ரோல் சொட்டினால் சூடான என்ஜின் பக்கத்தில் என்ன ஆகும்? தீ! எனவே பெட்ரோல் குழாய் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்ற வேண்டும். இது சிக்கனம் பார்க்கும் இடம் அல்ல.

வாரம் ஒரு முறையாவது வண்டியை வெளியே எடுத்து ஓட்ட வேண்டும். ஷெட்டில் நின்றால் பிரேக் சிலிண்டர் பிடித்துக் கொள்ளும். டாங்கில் துரு வரும். எலி வந்து ஒயரைக் கடிக்கும். ஓடுகிற கார் கெடாது. நிற்கிற கார்தான் கெடும்.

ஆர்.சி. புத்தகம் எங்கே?

இத்தனையையும் தாண்டினாலும் கடைசியில் நிற்பது ஆர்.டி.ஓ. ஆபீசில்.

சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் முன்பு 600 ரூபாய்தான். 2022 ஏப்ரலில் 5 ஆயிரம் ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தில், 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10 ஆயிரம் ரூபாய் என்று ஏறியது. பசுமை வரி தனி.

வாழ்நாள் முழுவதும் ஒழுங்காகப் புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள். “ஓடாத வண்டிக்கு எதுக்குப் பணம்?” என்று விட்டவர்கள்தான் இப்போது விழிக்கிறார்கள்.

50 வயதுச் சலுகை

கெசல்காரர்களுக்கு ஒரு வழி 2021 ஜூலையில் திறந்தது. பழம்பெரும் வாகனங்களுக்காக மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவு நடந்த நாளில் இருந்து 50 ஆண்டு தாண்டிய, வாடகைக்கு விடாத கார், மோட்டார் சைக்கிள்களை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்யலாம்.

ஏற்கனவே பதிவு உள்ள வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம். பதிவே இல்லாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு புதிய நம்பர் கொடுப்பார்கள். புதிய பதிவுக்கு 20 ஆயிரம் ரூபாய். மறுபதிவுக்கு 5 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். 2022-ல் வந்த கட்டண விதிகளின்படி, வின்டேஜ் எனப் பதிவான சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் பாதிதான்.

ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, பவனி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் ஆகியவற்றுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போக முடியாது.

இரண்டாவதுதான் பலருக்கு இடி. வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பாகம் கிடைக்கவில்லை என்று 948 சி.சி. என்ஜினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, வேறு காரின் என்ஜினையோ டீசல் என்ஜினையோ மாட்டிய கெசல்களுக்கு இந்தக் கதவு மூடியதுதான். அன்று மிச்சம் பிடித்தது இன்று வினையாக வந்து நிற்கிறது.

எனவே கெசல் வைத்திருப்பவர்கள் கழற்றிய எந்தப் பாகத்தையும் வீசக் கூடாது. கார்பரேட்டரோ, ஹப் கேப்போ, மூலையில் ஒரு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும்.

வீடு இடிக்கும் நாள்

கெசலின் மிகப் பெரிய எதிரி துருவும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பில்டர்!

மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தோட்டம் வைத்த பழைய வீடுகள் பிளாட்டாக மாறுகின்றன. பெரியவர் காலமாகி இருப்பார். பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். இடிக்க நாள் குறித்தாகிவிட்டது. ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிய கார் நிற்கிறது. டயரில் காற்று இல்லை. சாவி எங்கே என்று தெரியாது. “எடைக்குப் போட்டா என்ன வரும்?” என்று காயலான் கடைக்கு ஆள் அனுப்புகிறார்கள். ஒரே மதியத்தில் ஐம்பது ஆண்டு கதை முடிந்து விடுகிறது.

அத்தோடு முடிந்தால் பரவாயில்லை. வில்லங்கம் பிறகுதான் வரும்.

வாசலில் போலீஸ்

காரை எடைக்குப் போட்டாலும் ஆர்.டி.ஓ. ஏட்டில் அது உயிரோடுதான் இருக்கும். பழைய நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தையும் வாங்கி வேறு வண்டிக்கு மாட்டும் கூட்டம் எப்போதும் உண்டு. அந்த வண்டி யாரையாவது இடித்துவிட்டுப் போனால், போலீஸ் முதலில் வந்து நிற்பது ஏட்டில் பெயர் உள்ளவர் வீட்டு வாசலில்தான்.

சட்டம் சொல்வது இதுதான். வண்டி அழிந்து போனாலோ, இனி ஓடாது என்று உடைத்தாலோ 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். விற்றாலும் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இறந்து விட்டால், வாரிசு 30 நாளுக்குள் தகவல் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு மனு போட வேண்டும்.

அப்பாவின் கெசலை யாருக்காவது கொடுத்தே தீர வேண்டும் என்றால், காயலான் கடைக்குப் போகும் முன்பு பழைய கார் சங்கத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். ஓடாத கெசலுக்கும் வாங்க ஆள் உண்டு. அதன் நான்கு கதவும் இன்னொரு கெசலுக்கு உயிர் கொடுக்கும்.

2027-ல் என்ன?

1970-களின் தொடக்கத்தில் வாங்கிய கெசல்களுக்கு 50 வயது முடிந்துவிட்டது. அவை இப்போதே வின்டேஜ் பதிவுக்குத் தகுதி. 1977-ல் பதிவான கடைசிக் கெசல்களுக்கு 2027-ல் 50 நிறையும். அதற்கு மேல் தகுதி பெற வேறு கெசல் கிடையாது. இருப்பது அவ்வளவுதான்.

வீட்டில் கெசல் இருப்பவர்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். தார்ப்பாயைத் தூக்குங்கள். சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் துடைத்துப் படியுங்கள். பீரோவில் இருக்கும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப் போனால் நீங்கள் வைத்திருப்பது பழைய இரும்பு அல்ல. பெருங்களத்தூரில் பிறந்த கார்!